தொடையில் கட்டும் சிவப்பு ஒளி பெல்ட்: கபடி ஆடும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு 24 வயது. கபடியில் ரைடர். சனிக்கிழமை இரவுகளில் ஊர் ஊராக டோர்னமென்ட் போவோம், ஒரே ராத்திரியில் மூன்று, நான்கு ஆட்டம்கூட வரும். 65 கிலோ பிரிவில் ஆடுகிறேன், ஆனால் என் எடை 67. அதனால் வெள்ளிக்கிழமையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். மூன்றாவது ஆட்டத்தில் கால் வரவே மாட்டேன் என்கிறது. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் படி இறங்க முடியாத அளவுக்குத் தொடை வலி. பார்சல் டெலிவரி வேலை என்பதால் லீவும் போட முடியாது. ஜிம்மில் ஓர் அண்ணன் சிவப்பு ஒளி பெல்ட் விற்கிறார், 14,500 ரூபாய். ஆட்டம் முடிந்ததும் 20 நிமிடம் கட்டிக்கொண்டால் வலியே வராது, ஸ்டாமினா இரண்டு மடங்கு ஆகும் என்கிறார். தவணையில் வாங்கலாமா? ஊக்கமருந்து சோதனையில் இது மாட்டுமா? இன்னொன்று, ஒரு மாதமாக வலது தொடையின் பின்பக்கம் ஒரே இடத்தில் சுருக்கென்று பிடிக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறேன். அதற்கும் இந்த ஒளி கேட்குமா?

பதில்:

தம்பி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டு வரிகளைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும். பெல்ட்டைப் பற்றி நிறையச் சொல்லப்போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொடையை ஒருவர் கையால் தொட்டுப் பார்த்துப் பரிசோதிக்கும்வரை பெல்ட்டும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், அடுத்த சனிக்கிழமை ஆட்டமும் வேண்டாம். ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது பெல்ட். இந்த ஒளி சிகிச்சை ஏமாற்று வேலையா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். இல்லை, இதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேலான வரலாறு இருக்கிறது. 1967-இல் புடாபெஸ்டில் எந்த்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், எலிகளின் முதுகு முடியை மழித்துவிட்டு அங்கே ரூபி லேசர் ஒளியைப் பாய்ச்சினார். லேசர் படும் தோலில் புற்றுநோய் வருமா என்பது அவருடைய கேள்வி. புற்றுநோய் வரவில்லை, ஆனால் ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரமாக வளர்ந்தது. பிறகு ஆறாத புண்களுக்கு அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். லோ லெவல் லேசர் என்று பல காலம் அழைக்கப்பட்டது, இன்றைக்கு ஃபோட்டோபயோமாடுலேஷன் என்கிறார்கள். லேசர்தான் வேண்டும் என்பதில்லை, சரியான அலைநீளத்தில் ஒளிரும் எல்.இ.டி.யும் இதே வேலையைச் செய்யும் என்று பிறகு தெரிந்ததால்தான் இன்று பெல்ட், பேனல், முகமூடி என்று வீட்டுக்கு வீடு வருகிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி ஒரு வாய் கஞ்சிகூட இறங்காமல் தவிப்பார்கள், அந்தப் புண் வராமல் தடுக்க இந்த ஒளியைச் சர்வதேச வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. ஆக இது மருத்துவத்தில் இடம் பிடித்த ஒரு முறைதான். விளையாட்டில் இது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? தசை நாருக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற மிகச் சிறிய ஆற்றல் கூடங்கள் இருக்கின்றன. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அங்கே இருக்கும் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி. சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்து வரும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் இந்த நொதி உறிஞ்சிக்கொள்ளும். அப்போது அதில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு விலகுகிறது, ஆற்றல் உற்பத்தி கொஞ்சம் கூடுகிறது என்பது பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். இதற்கு மறுப்புச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. விளக்கம் எதுவானாலும், ஒளி தசைவரை போய்ச் சேர்ந்தால்தான் பலன். தோலிலும் கொழுப்பிலுமே பெரும்பங்கு சிதறிப்போய்விடும்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு என்று ஒரு விஷயம் இருக்கிறது, விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. நம் தோலில், தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் அதிகம். மெலனின் 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளியை நிறைய உறிஞ்சும், 850 போன்ற அகச்சிவப்பை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் நல்ல கறுப்பாக இருக்கும் ஒருவருக்கு வெறும் சிவப்பு எல்.இ.டி. மட்டும் உள்ள பெல்ட்டில் தசைவரை போய்ச் சேரும் ஒளி இன்னும் குறையும், மேல்தோல் சூடாகும். பச்சை குத்திய இடத்தில் இன்னும் மோசம், மை ஒளியை உறிஞ்சிச் சுட்டுவிடும். நான் பார்த்த ஒரு வீரருக்குத் தொடையில் பச்சை குத்தியிருந்த வடிவத்திலேயே தோல் சிவந்து எரிச்சல் வந்தது.

சரி, பலன் உண்டா? உண்டு, ஆனால் கொஞ்சம். இந்தத் துறையில் அதிகமாக உழைத்தவர்கள் பிரேசில்காரர்கள். எர்னெஸ்டோ லீல் ஜூனியர், க்ளேபர் ஃபெராரேசி போன்றவர்கள் வாலிபால், கால்பந்து வீரர்களையெல்லாம் வைத்துப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சோதனை செய்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு உண்மையான ஒளி, மீதிப் பேருக்கு அணைத்து வைத்த கருவி, யாருக்கு எது என்று வீரருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சோர்ந்துபோகும்வரை செய்யும் பயிற்சியில் ஒளி வாங்கியவர்கள் சராசரியாக ஐந்து முறை கூடுதலாகத் தூக்கினார்கள், சுமார் 4 விநாடி கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். தசை சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் அளவும் பல சோதனைகளில் குறைவாக ஏறியது. வலி விஷயத்தில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை, சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் எந்த வித்தியாசமும் இல்லை. இந்த ஆய்வாளர்களில் சிலருக்குக் கருவி தயாரிப்பவர்களிடமிருந்து நிதி வந்ததையும் அவர்களே ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள், அதையும் மனதில் வைத்துத்தான் இதையெல்லாம் படிக்க வேண்டும்.

4 விநாடி என்று படித்ததும் உங்களுக்கு உடனே ஒன்று தோன்றும், தெரியும். ஒரு ரைடே 30 விநாடிதான், அதில் 4 விநாடி பெரிய விஷயமாயிற்றே என்று. ஆனால் அது ஆய்வகத்தில் ஓர் இயந்திரத்தில் ஒரே தசையை வைத்து அளந்த 4 விநாடி. ஏழு பேர் சுற்றி நிற்க, பாடிக்கொண்டே உள்ளே போய்ப் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டுக் கார்னர்காரர் காலைப் பிடிப்பதற்குள் திரும்பி வருவது வேறு. உங்கள் அண்ணன் சொல்கிற 'ஸ்டாமினா இரண்டு மடங்கு' எந்த ஆய்விலும் கிடையாது. கிடைப்பது ஒரு சின்னக் கூடுதல். மற்றதெல்லாம் சரியாக இருக்கிற வீரருக்கு அந்தச் சின்னக் கூடுதல் பிரயோஜனப்படும். மற்றதெல்லாம் சரியில்லாதவருக்கு அது எங்கே போனது என்றே தெரியாது.

அப்புறம், அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையே தலைகீழ். ஆட்டம் முடிந்த பிறகு கட்டு என்கிறார். சோதனைகளில் நன்றாக வேலை செய்தது பெரும்பாலும் ஆட்டத்துக்கு முன்னால் கொடுத்தபோதுதான். 5 நிமிடத்திலிருந்து 6 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்பது அவர்கள் பரிந்துரை. எலிகளில் செய்த ஒரு சோதனையில் 6 மணி நேரம் முன்பு கொடுத்ததுதான் தசைக்கு அதிக ஆற்றலையும் தாங்கும் சக்தியையும் கொடுத்தது. மறுநாள் வரும் வலியும் அப்படித்தான், ஆட்டத்தின்போதே தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்பட்டுவிடும். ரைடில் பாய்ந்து போய்ச் சட்டென்று நின்று திரும்புகிறீர்களே, அப்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அந்த வேலைதான் அதிகம் சிதைக்கும். வலி 24-லிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போவது இதனால்தான். உங்களுக்கு ஞாயிறும் திங்களும் படி இறங்கும்போது மட்டும் உயிர் போவதும் அதே காரணம்தான், இறங்குவது நீளும் வேலை. முன்கூட்டியே தசையைத் தயார் செய்வதில்தான் ஒளிக்கு வேலை இருக்கிறது. சேதம் நடந்து முடிந்த பிறகு அது செய்யக்கூடியது குறைவு.

அளவுக்கு வருவோம். நான் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தவறு செய்யும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒளியின் ஆற்றலை ஜூலில் சொல்வார்கள். வாட்டை விநாடியால் பெருக்கினால் ஜூல், அவ்வளவுதான். தொடை போன்ற பெரிய தசைக்கு 60 முதல் 300 ஜூல், கைத்தசை போன்ற சிறியதற்கு 20 முதல் 60 ஜூல், இதுதான் சோதனைகளில் நல்ல பலன் தெரிந்த வரம்பு. பிசியோ கிளினிக்கில் ஒரு கருவியில் ஒளி வரும் 100 மில்லிவாட் கண் ஐந்து இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கண் 60 விநாடியில் 6 ஜூல் கொடுக்கும், ஐந்தும் சேர்ந்து 30. தொடையின் முன்பக்கத்தில் ஆறு இடங்களில் தோலோடு அழுத்தி வைத்தால் 180 ஜூல், ஆறு நிமிடத்தில் முடிந்தது.

இப்போது பெல்ட்டைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிவாட் கொடுக்கிறது, உங்கள் தொடையில் 200 சதுர சென்டிமீட்டரை மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 வாட். ஒரு நிமிடத்திலேயே 240 ஜூல் வந்துவிடும். அவர் சொல்லும் 20 நிமிடத்துக்கு 4,800 ஜூல்! மேல் வரம்பைப்போல 16 மடங்கு. இந்த ஒளியின் குணம் என்னவென்றால், கொஞ்சமாகக் கொடுத்தால் தூண்டும், அதிகமானால் பலன் மங்கும், இன்னும் அதிகமானால் எதிராகவும் திரும்பலாம். நம் வீட்டில் உப்பு போடுகிற மாதிரிதான். அதிக நேரம் கட்டினால் அதிகப் பலன் என்று நினைத்துத் தூங்கும்போதும் கட்டிக்கொண்டு படுக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் மில்லிவாட் எண்ணை நம்பி இந்தக் கணக்கைப் போட முடிவதில்லை, ஏனென்றால் பல மலிவான பெல்ட்களில் அச்சிட்ட எண்ணுக்கும் உண்மையில் வெளிவரும் ஒளிக்கும் சம்பந்தமே இருக்காது. கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒளியின் அளவுபோலப் போட்டுவைப்பார்கள். அலைநீளம், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட், எவ்வளவு தூரத்தில் அளந்தது, இந்த மூன்றையும் எழுத்தில் கொடுக்க முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு சின்ன வழி சொல்கிறேன். 850 நானோமீட்டர் எல்.இ.டி. எரியும்போது கண்ணுக்கு மிக மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், அணைந்துகிடக்கிறது என்றே நினைப்பீர்கள். போனின் செல்ஃபி கேமராவை அதன் பக்கம் காட்டினால் பல போன்களில் ஊதா கலந்த வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், டிவி ரிமோட்டின் முனையைக் காட்டினால் தெரியுமே அதே மாதிரி. கேமராவில் அந்த ஊதா வெள்ளை தெரியாமல், கண்ணுக்கு எல்லா விளக்கும் செக்கச்செவேலென்று இருந்தால் அதில் அகச்சிவப்பு இல்லை என்று சந்தேகப்படலாம். கிளினிக்குகளில் முதுகு வலிக்குக் காட்டுவார்களே ஒரு பெரிய சிவப்பு பல்பு, அந்த ஐ.ஆர்.ஆர். விளக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சூடு கொடுப்பதற்கு. ஒத்தடம் மாதிரி இதமாக இருக்கும், நான் இங்கே பேசிக்கொண்டிருக்கும் வேலையைச் செய்யாது.

ஊக்கமருந்து பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் தசையின் மேல் காட்டும் ஒளி சிகிச்சை இல்லை, பயப்பட வேண்டாம். நான் பயப்படுவது உங்கள் ஊசியைப் பற்றி. அதில் என்ன மருந்து இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? நம் ஊர்களில் வலிக்கு என்று போய்க் கேட்டால் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தோடு டெக்சாமெத்தசோனையும் சேர்த்துப் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. டைக்ளோஃபினாக் தடைசெய்யப்பட்டது இல்லை. டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு வகை, 2022 ஜனவரியிலிருந்து போட்டிக் காலத்தில் அதை எந்த விதமாக ஊசியில் ஏற்றினாலும் தடைதான். இன்றைக்கு நீங்கள் ஆடும் ஊர் டோர்னமென்ட்டில் சோதனை இல்லாமல் இருக்கலாம். நாளைக்கு மாநில அணித் தேர்வு என்று போய் நிற்கும்போது, வலிக்குத்தானே போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அதைவிட அவசரமானது உங்கள் சிறுநீரகம். வெள்ளிக்கிழமையிலிருந்து தண்ணீர் இல்லை, சனிக்கிழமை சாயங்காலம் வலி ஊசி, ராத்திரி மூன்று ஆட்டம், ஆறாக ஓடும் வியர்வை. தண்ணீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபினாக் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, அதே நேரத்தில் சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதமும் சிறுநீரகத்தில்தான் வந்து அடைக்கும். ஆட்டத்துக்கு மறுநாள் சிறுநீர் கோலா நிறத்திலோ கடுங்காப்பி நிறத்திலோ போனால் அரைநாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் அணியில் எல்லாருக்கும் இதைச் சொல்லுங்கள். 20 வயதுப் பையன்கள் டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்டத்தில் கால் வரவில்லை என்கிறீர்களே, அதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. 67-இல் 2 கிலோவைத் தண்ணீராக இறக்கினால் உடல் எடையில் 3 சதவீதம். 2 சதவீதத்தைத் தாண்டினாலே தாக்குப்பிடிக்கும் திறன் குறையத் தொடங்கும். ஒளி கொடுக்கக்கூடிய அந்தச் சின்னக் கூடுதலை, அதைப்போலப் பல மடங்கு இழப்பு முன்கூட்டியே விழுங்கிவிடுகிறது. உங்கள் உயரத்துக்கு 65 சரிதானா என்று எனக்குத் தெரிய வழியில்லை. சரி என்றால் ஆறு வாரம் எடுத்து, சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அந்த எடைக்கே வந்துவிடுங்கள். இல்லையென்றால் மேல் பிரிவில் ஆடுங்கள். எடை பார்த்து முடித்ததும் உப்புப் போட்ட மோரோ உப்பும் சர்க்கரையும் கலந்த நீரோ மெதுமெதுவாகக் குடிக்க ஆரம்பியுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் வாழைப்பழம் இரண்டு, பேரீச்சம்பழம் நாலைந்து போதும். கடைசி ஆட்டம் முடிந்து விடியற்காலையில் பரோட்டாக் கடை மட்டும்தான் திறந்திருக்கும், எனக்கும் தெரியும். போங்கள், ஆனால் கூட மூன்று முட்டை கேளுங்கள். 18 கிராம் புரதம் ஆச்சு, தசையைச் சரிசெய்ய அதுதான் கையிருப்பு.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. சனி இரவு முழுக்க விழித்து, ஞாயிறு காலை வேனில் வந்து இறங்கி, அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போகிறீர்களா? தசையைச் சரிசெய்யும் வேலையில் பெரும்பங்கு ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கிறது. சிவப்பு ஒளி ஆய்வுகளிலேயே எனக்குப் பிடித்த ஒன்று 2012-இல் சீனாவில் செய்தது. 20 கூடைப்பந்து வீராங்கனைகளில் பாதிப் பேருக்குத் தினமும் இரவில் அரை மணி நேரம் என்று 14 நாள் சிவப்பு ஒளி கொடுத்தார்கள். ஓட்டத்தில் மற்றவர்களைவிடப் பெரிதாக முந்திவிடவில்லை, ஆனால் தூக்கம் நன்றாக மேம்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஒளியை ஆராயப் போனவர்களுக்குக் கடைசியில் தூக்கம்தான் கையில் கிடைத்தது என்பது என்னை யோசிக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையை மதியத்துக்கு மேல் மாற்றிக் கேட்க முடியுமா என்று பாருங்கள். ஐந்து மணி நேரம் கிடைத்தாலும் திங்கட்கிழமை உங்கள் கால் வேறு மாதிரி இருக்கும்.

இப்போது அந்தப் பின்தொடை. ஆட்டம் முடிந்து வரும் வலி இரண்டு தொடையிலும் பரவலாக வரும், கைவைத்துக் காட்டச் சொன்னால் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள், ஒரு வாரத்துக்குள் போய்விடும். நீங்கள் சொல்வது ஒரே தொடை, ஒரே இடம், ஒரு மாதம், சுருக்கென்று. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும் வலி இது. ரைடர் கால் நீட்டித் தொடும்போதும், பேக் கிக் போடும்போதும், பிடியிலிருந்து கோட்டை நோக்கிப் பாயும்போதும் முழுப் பாரமும் ஹாம்ஸ்ட்ரிங் என்ற பின்தொடைத் தசையில்தான் விழுகிறது. அங்கே ஏற்கெனவே ஒரு சின்னக் கிழிசல் இருந்து, ஊசியால் வலியை மட்டும் அமுக்கிவிட்டு நீங்கள் ஆடிக்கொண்டிருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். சின்னக் கிழிசல் என்றால் மூன்று, நான்கு வாரத்தில் ஆறிவிடக்கூடியது. அதே இடத்தில் பெரிதாகக் கிழிந்தால் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். ஒரு தடவை ஹாம்ஸ்ட்ரிங் காயம் பட்டவருக்குத்தான் மறுபடி வரும் அபாயம் அதிகம், அதுவும் முழுதாக ஆறாமல் திரும்பியவருக்கு.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. நாள் முழுக்க பைக்கில் உட்கார்ந்து வேலை. இடுப்பில் நரம்பு அழுந்தினாலும் வலி பின்தொடையில் வந்து நிற்கும். முழங்காலுக்குக் கீழேயும் இறங்குகிறதா, பாதத்தில் மரமரப்பு இருக்கிறதா, தும்மினால் கூடுகிறதா என்று கவனித்து வையுங்கள், பரிசோதிப்பவர் கேட்பார். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. எது என்று தெரியாமல் மேலே விளக்கைக் கட்டினால் ஒரு மாதம் இரண்டு மாதமாகும், அவ்வளவுதான் நடக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, எலும்பு மூட்டுப் பிரிவில் சீட்டுப் போட்டுக் காட்டிவிட்டு அங்கேயே அனுப்பச் சொல்லுங்கள். அழுத்திப் பார்ப்பார்கள், குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்லித் தடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். உங்களுக்குச் செலவு ஒரு நாள் சம்பளம்.

காயம் ஆறிய பிறகு, நான் என்னிடம் வரும் ஒவ்வொரு ரைடருக்கும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நோர்டிக் ஹாம்ஸ்ட்ரிங். முழங்காலிட்டு நில்லுங்கள், நண்பர் உங்கள் கணுக்காலைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும், உடம்பை நேராக வைத்து மெதுவாக, முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாய்ந்து, தாங்க முடியாத கட்டத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். 8,000-க்கும் மேற்பட்ட வீரர்களை உள்ளடக்கி 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இந்தப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பைசா செலவில்லை. முதல் வாரம் பயங்கரமாக வலிக்கும், அதனால் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து என்று ஆரம்பித்து ஏற்ற வேண்டும். காயத்தோடு இருக்கும்போது மட்டும் செய்துவிடாதீர்கள்.

இதெல்லாம் ஆன பிறகும் ஒளியைப் பார்க்க ஆசை இருந்தால், நான் தடுக்க மாட்டேன், எனக்கே அதில் ஆர்வம் உண்டு. ஆனால் 14,500 கொடுத்து வாங்காமல் முதலில் லேசரோ எல்.இ.டி. கொத்தோ வைத்திருக்கும் பிசியோவிடம் நாலு சனிக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். ஆட்டத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு, இரண்டு தொடையிலும் முன்னும் பின்னும், வெறும் தோலில் அழுத்தி வைத்து. துணி மேல் வைத்தால் ஒளி உள்ளே போகாது. லேசர் என்றால் இருவருக்கும் கண்ணாடி கட்டாயம், கண்ணாடி தராத இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள், வெளிச்சம் பட்டால் தோலைச் சீண்டும் மருந்து அது. நாலு சனிக்கிழமையும் மூன்றாவது ஆட்டத்தில் எத்தனை ரைடு போனீர்கள், ஞாயிறு காலை வலி பத்துக்கு எத்தனை என்று போனில் குறித்து வையுங்கள். ஒளி இல்லாத நாலு சனிக்கிழமையையும் அதே மாதிரி குறியுங்கள். வித்தியாசம் உங்கள் கையெழுத்திலேயே தெரிந்தால் அப்போது வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை அந்த அண்ணனிடம் முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். இந்த வாரம் தொடையைக் காட்டிவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள், போட்ட ஊசியின் பெயர் என்ன என்று கேட்டு இரண்டையும் எழுதுங்கள். நோர்டிக்கை எந்த வாரத்தில் தொடங்கலாம், எப்போது மறுபடி ரைடு போகலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.